முதியோரும் செவிலியரும்

மருத்துவத்தின் வரலாற்றை எழுதப் புகுந்தவர்கள் பெரும்பாலும் மருத்துவர்களைப் பற்றியே எழுதியிருக்கிறார்கள். நோயின் காரணத்தைக் கண்டவர், மருந்தைக் கண்டவர், கத்தி எடுத்து அறுத்துக் குணப்படுத்தியவர் ஆகியோரின் பெயர்கள் நம் பாட நூல்களில் இடம் பெற்றுள்ளன. அவர்கள் தம் வேலையை முடித்துக்கொண்டு சென்ற பின்னர், கட்டிலின் அருகே இரவெல்லாம் விழித்திருந்தவர் யார் என்று வரலாறு அதிகமாகக் கேட்டதில்லை. இன்று அந்தக் கேள்வியைத்தான் நாம் கேட்கப் போகிறோம். அதிலும், முதுமையடைந்தோரைப் பேணுவது, ஆபத்து வேளையில் உயிரைக் காப்பது என்ற இரண்டு துறைகளில் செவிலியர் செய்த பணியையும், அந்தப் பணி எவ்வாறு ஓர் ஆராய்ச்சியாக வளர்ந்தது என்பதையும் பார்ப்போம்.

நம் முன்னோர் இந்தக் கேள்வியை மறந்தவர்கள் அல்லர். மருந்து என்னும் அதிகாரத்தை முடிக்கும்போது வள்ளுவர், மருத்துவத்துக்கு நான்கு கூறுகள் உண்டென்கிறார். நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து ஆகிய மூன்றோடு நான்காவதாக அவர் வைப்பது, அருகிலிருந்து தொண்டு செய்பவனை. அவனுக்கு அவர் இட்ட பெயர் 'உழைச்செல்வான்' என்பது. 'உழை' என்றால் பக்கம். பக்கத்தில் இருப்பவன் என்று பொருள். சரகரின் வடமொழி மருத்துவ நூலும் இந்த நான்கையே கூறுகிறது. நான்கில் ஒன்று குறைந்தாலும் மருத்துவம் நொண்டியாகிவிடும் என்பது கருத்து.

இது ஏட்டளவில் நின்றுவிடவில்லை. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற இடத்தில் திருமுக்கூடல் என்ற ஊர் இருக்கிறது. அங்குள்ள பெருமாள் கோயிலில், 11-ம் நூற்றாண்டில் ஆண்ட வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உள்ளது. கோயிலைச் சார்ந்து நடந்த ஆதுலர்சாலை, அதாவது மருத்துவமனை, ஒன்றைப் பற்றி அது விரிவாகப் பேசுகிறது. அந்த மருத்துவமனையில் 15 படுக்கைகள் இருந்தன. வைத்தியர் ஒருவர், அறுவை செய்பவர் ஒருவர், மூலிகை கொண்டுவருவோர், தண்ணீர் கொடுப்பவன், நாவிதன் என்ற வரிசையில் நோயாளிக்குத் தொண்டு செய்யும் பெண்கள் இருவரும் குறிக்கப்படுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு இவ்வளவு நெல் என்று அளந்து வைத்ததோடு, இரவில் எரிய வேண்டிய விளக்குக்கு எண்ணெய்க்கும் வழி செய்திருக்கிறார்கள். நோய் இரவில்தான் மூர்க்கமாகும், இரவில்தான் விழித்திருக்க ஆள் வேண்டும் என்பதை அறிந்தவர்கள் அந்தக் கணக்கை எழுதியிருக்கிறார்கள்.

'செவிலி' என்ற சொல்லும் பழமையானதே. பழந்தமிழ் இலக்கியத்தில் தலைவியை வளர்த்தெடுத்தவள் செவிலித்தாய். பெற்றவள் நற்றாய், கண்ணிமைபோல் காத்தவள் செவிலித்தாய். மருத்துவமனையில் பணி புரியும் நர்ஸுக்கு இந்தப் பெயரைத் தேர்ந்தவர்கள் சொல்லின் பொருளை நன்றாக உணர்ந்தே தேர்ந்திருக்க வேண்டும்.

இனி நம் சென்னைக்கு வருவோம். 1664-ம் ஆண்டில் ஜார்ஜ் கோட்டைக்குள், நோயுற்ற சிப்பாய்களுக்காக ஆங்கிலேயக் கம்பெனியார் ஒரு சிறிய மருத்துவமனையைத் தொடங்கினார்கள். அதுவே வளர்ந்து, இடம் மாறி, 1772-ம் ஆண்டில் இன்று சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள இடத்தை அடைந்தது. பொது மருத்துவமனை என்று நாம் வழங்குவது அதைத்தான். ஆனால் இரு நூற்றாண்டு காலம் அங்கே பயிற்சி பெற்ற தாதியர் என்று ஓர் இனம் கிடையாது. அக்காலத்தில் இங்கிலாந்திலேகூட நோயாளியைப் பார்த்துக்கொள்வது கூலி வேலையாகக் கருதப்பட்டதே தவிர, கற்றுக்கொள்ள வேண்டிய கலையாகக் கருதப்படவில்லை.

அந்த நிலையை மாற்றியவர் பிளாரன்ஸ் நைட்டிங்கேல். 1854-ம் ஆண்டில் கிரிமியப் போர்க்களத்துக்குப் போன அவரை, கையில் விளக்கேந்திய மாதரசியாகவே நாம் அறிவோம். அவர் கையிலிருந்த மற்றொரு கருவியை நாம் அதிகம் அறிந்ததில்லை. அது கணக்கு. போரில் பட்ட காயத்தால் இறந்தவர்களைவிட, மருத்துவமனையின் அழுக்கிலும் நெரிசலிலும் தொற்றிய நோய்களால் இறந்தவர்களே மிகப் பலர் என்பதை அவர் எண்களாகவும் படங்களாகவும் வரைந்து காட்டினார். 1858-ம் ஆண்டில் லண்டன் புள்ளியியல் சங்கம் தன் முதல் பெண் உறுப்பினராக அவரைச் சேர்த்துக்கொண்டது. 1860-ம் ஆண்டில் லண்டன் செயிண்ட் தாமஸ் மருத்துவமனையில் அவர் பெயரால் தாதியர் பயிற்சிப் பள்ளி தோன்றியது.

நைட்டிங்கேல் இந்தியாவில் கால் வைத்ததே இல்லை. ஆயினும் இந்தியாவைப் பற்றி அவர் எழுதியவை ஏராளம். இங்கிருந்த ஆங்கிலப் படையில் ஆண்டுதோறும் ஆயிரத்துக்கு 69 பேர் மடிந்து வந்தார்கள் என்பதைக் காட்டி, குடிநீரும் கழிவுநீரும் சீர்ப்பட வேண்டும் என்று வற்புறுத்தினார். 1863-ம் ஆண்டில் வெளிவந்த அறிக்கையின் பயனாக, அடுத்த ஆண்டிலேயே சென்னை, வங்காளம், பம்பாய் ஆகிய மூன்று மாகாணங்களிலும் சுகாதாரக் குழுக்கள் அமைந்தன. 1871-ம் ஆண்டில் சென்னைப் பொது மருத்துவமனையில் தாதியருக்கு முறையான பயிற்சி தொடங்கிற்று. இந்திய நாட்டில் இத்தகைய முயற்சிகளுள் இது முற்பட்டது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நகரத்தின் தென்பகுதியிலும் மருத்துவமனைகள் எழுந்தன. 1909-ம் ஆண்டில் மயிலாப்பூரில் கல்யாணி மருத்துவமனை தோன்றியது. 1911-ம் ஆண்டில் இராயப்பேட்டை மருத்துவமனை திறக்கப் பெற்றது. அதன் முதல் கண்காணிப்பாளர், கருங்காய்ச்சலின் கிருமியை 1903-ம் ஆண்டில் சென்னையிலேயே கண்டறிந்த சார்லஸ் டோனவன். 1926-ம் ஆண்டில் சென்னை மாகாணம் தாதியர், மருத்துவச்சிகள் சட்டத்தை இயற்றியது. தகுதி பெற்றவர்களின் பெயர்களைப் பதிவேட்டில் எழுதும் வழக்கம் அதனால் உறுதிப்பட்டது. பதிவேடு என்பது சிறிய காரியமன்று. யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்றிருந்த வேலை, கற்றவர் மட்டுமே செய்யத்தக்க தொழில் என்று அன்று அரசாங்கத்தின் ஏட்டில் ஏறியது.

ஆனால் கற்றவர்கள் எத்தனை பேர் இருந்தார்கள்? 1943-ம் ஆண்டில் அமைந்த போர் குழு இந்தியாவின் சுகாதார நிலையை ஆராய்ந்து 1946-ம் ஆண்டில் அறிக்கை வெளியிட்டது. சென்னையின் புகழ் பெற்ற மருத்துவ அறிஞர் டாக்டர் ஆ. இலட்சுமணசுவாமி முதலியார் அக்குழுவின் உறுப்பினருள் ஒருவர். நாட்டில் 43,000 மக்களுக்கு ஒரு நர்ஸ் என்ற கணக்கில்தான் இருந்தார்கள் என்று அந்த அறிக்கை கூறியது. 500 பேருக்கு ஒருவர் வேண்டும் என்பது அதன் பரிந்துரை. அதே 1946-ம் ஆண்டில், டாக்டர் ஐடா ஸ்கடர் வளர்த்த வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும், டில்லியிலும் செவிலியர் பட்டப் படிப்புத் தொடங்கியது. பட்டப் படிப்பு வந்ததால் என்ன மாறியது? சொன்னதைச் செய்வதோடு, 'இதை ஏன் இப்படிச் செய்கிறோம்?' என்று கேட்கும் உரிமையும் கடமையும் செவிலியருக்கு வந்தன. ஆராய்ச்சி என்பது அந்தக் கேள்வியிலிருந்து பிறப்பதுதான்.

அத்தகைய கேள்வி ஒன்றின் கதையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். முதியோர் மருத்துவத்தின் வரலாறு லண்டனில் ஒரு பெண் மருத்துவரோடு தொடங்குகிறது. அவர் மார்ஜரி வாரன். 1935-ம் ஆண்டில் அவர் வேலை பார்த்த மருத்துவமனையோடு பக்கத்திலிருந்த ஏழையர் விடுதி இணைக்கப்பட்டது. அங்கே 714 நோயாளிகள் கிடந்தார்கள். 'கிடந்தார்கள்' என்பதே தகுந்த சொல். வயதாகிவிட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று படுக்கையிலேயே விடப்பட்டவர்கள் அவர்கள். வாரன் ஒவ்வொருவரையும் தனித்தனியே பரிசோதித்தார். எழுந்து நிற்கப் பழக்கினார், நடக்கப் பழக்கினார். பலர் வீடு திரும்பினார்கள். முதுமை ஒரு நோயன்று. முதுமையில் வரும் நோய்க்குச் சிகிச்சை உண்டு என்பது நிலைநாட்டப்பட்டது.

அவர் வழியிலே வந்தவர் டோரீன் நார்ட்டன் என்ற செவிலியர். நீண்ட நாள் படுத்திருக்கும் முதியவர்களுக்கு முதுகிலும் இடுப்பிலும் குதிகாலிலும் படுக்கைப் புண் உண்டாகும். உடலின் பாரத்தால் தோலுக்கடியில் உள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் நசுங்கி, அவ்விடத்துச் சதை செத்துப்போவதே அதன் காரணம். அதைத் தடுக்க நோயாளியின் முதுகைத் தைலங்களாலும் களிம்புகளாலும் தேய்த்துவிடுவது தாதியரின் நெடுநாள் வழக்கம். எல்லோரும் செய்தார்கள், அதனால் பயன் உண்டா என்று யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. நார்ட்டனும் அவருடைய தோழர்களும் 250 முதிய நோயாளிகளைக் கூர்ந்து கவனித்து, 1962-ம் ஆண்டில் தம் முடிவை வெளியிட்டார்கள். தேய்ப்பதால் புண் தடைப்படவில்லை. குறித்த நேரத்துக்கு ஒரு முறை நோயாளியைப் புரட்டிப் படுக்க வைப்பதால் தடைப்பட்டது. புண் வரக்கூடியவர் யார் என்பதை முன்கூட்டியே அறிய ஓர் அளவுகோலையும் நார்ட்டன் வகுத்தார். உடல்நிலை, மனநிலை, நடமாட்டம், அசையும் திறன், மலசலக் கட்டுப்பாடு ஆகிய ஐந்துக்கும் ஒன்று முதல் நான்கு வரை மதிப்பெண். மொத்தம் 20. பதினான்கோ அதற்குக் குறைவோ வந்தால் ஆபத்து என்று கொள்ள வேண்டும்.

இதற்கு முந்தைய ஆண்டில், நார்ட்டனோடு உழைத்த மருத்துவர் எக்ஸ்டன் ஸ்மித் ஒரு சோதனை செய்தார். ஐம்பது முதியவர்கள் இரவில் தாமாக எத்தனை முறை அசைகிறார்கள் என்பதைக் கட்டிலில் பொருத்திய கருவியால் கணக்கிட்டார். இருபது முறையோ அதற்குக் குறைவாகவோ அசைந்தவர் பத்துப் பேர். அவர்களில் ஒன்பது பேருக்குப் புண் வந்தது. ஐம்பது முறைக்கு மேல் அசைந்தவர் ஒருவருக்கும் வரவில்லை. மாணவர்களே, விலையுயர்ந்த மருந்து ஒன்றும் இங்கே கண்டுபிடிக்கப்படவில்லை. அசைய முடியாதவரை இன்னொருவர் அசைக்க வேண்டும் என்ற எளிய உண்மை எண்ணிக்கையால் உறுதி செய்யப்பட்டது, அவ்வளவே. ஆனால் அந்த உண்மை காத்த உயிர்கள் பல.

சென்னையில் இந்தத் துறை வேரூன்றிய ஆண்டு 1978. அவ்வாண்டில் பொது மருத்துவமனையில் டாக்டர் வி. எஸ். நடராஜன் முதியோருக்கென்று தனியே வெளிநோயாளர் பிரிவைத் தொடங்கினார். இந்தியாவில் இதுவே முதலாவது. சாவித்திரி வைத்தி அம்மையார் ஆதரவற்ற மூதாட்டிகளுக்காக 'விச்ராந்தி' என்ற இல்லத்தை நிறுவியதும் அதே ஆண்டில்தான். 1996-ம் ஆண்டில் சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவத்துக்கு முதுநிலைப் பட்டப் படிப்பு ஏற்பட்டது. 2024-ம் ஆண்டு பிப்ரவரியில், அடையாற்றுக்கு அருகே கிண்டியில், 200 படுக்கைகள் கொண்ட தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப் பெற்றது.

இதற்கெல்லாம் தேவை என்ன என்று கேட்கலாம். 2011-ம் ஆண்டின் மக்கள் கணக்குப்படி, தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துக்கு மேற்பட்டவர்கள் அறுபது வயதைக் கடந்தவர்கள். இந்தியா முழுவதையும் எடுத்துக்கொண்டால் நூற்றுக்கு ஒன்பதுக்கும் குறைவு. மயிலாப்பூர் மாட வீதிகளையும், 1920-களில் உருவான தியாகராய நகரையும், அடையாற்றையும் நினைத்துப் பாருங்கள். ஒரு காலத்தில் கூட்டுக் குடும்பங்கள் வாழ்ந்த வீடுகள் இருந்த இடங்களில் இன்று அடுக்கு மாடிக் குடியிருப்புகள் நிற்கின்றன. பிள்ளைகள் வேலையின் பொருட்டு வெளியூர்களிலும் வெளிநாடுகளிலும் இருக்க, தாயும் தந்தையும் மட்டும் வாழும் வீடுகள் அவற்றில் பல. சில வீடுகளில் இருவரில் ஒருவரே எஞ்சியிருக்கிறார். அவர் குளியலறையில் வழுக்கி விழுந்தால் என்ன ஆகும்?

இங்கேதான் முதியோர் பேணலும் அவசர சிகிச்சையும் ஒன்றை ஒன்று சந்திக்கின்றன. முதலாவது நிதானமான வேலை. மாதக் கணக்கில் நடப்பது. இரண்டாவது நிமிஷக் கணக்கில் நடப்பது. இவை எதிரெதிரானவை போலத் தோன்றும். ஆனால் இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே. அருகிலிருப்பவர் எதைக் காண்கிறார், எவ்வளவு விரைவில் காண்கிறார் என்பதே அது.

அவசர சிகிச்சையின் வரலாறு போர்க்களத்தில் தொடங்கியது. பிரெஞ்சுப் படையின் மருத்துவர் டொமினிக் லாரே, 1790-களில், காயம்பட்டவர்களைக் களத்திலிருந்து உடனே எடுத்துச் செல்லும் விரைவு வண்டிகளை அமைத்தார். படைத்தலைவனா, சாதாரணச் சிப்பாயா என்று பாராமல், யாருடைய உயிருக்கு ஆபத்து அதிகமோ அவரையே முதலில் கவனிப்பது அவருடைய விதி. இன்று தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளில் வருவோரைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று வகைப்படுத்துகிறார்களே, அது அந்த விதியின் வழி வந்ததே. 2008-ம் ஆண்டு செப்டம்பரில் தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் சேவை தொடங்கிற்று. ஓட்டுநரோடு, பயிற்சி பெற்ற அவசர மருத்துவ உதவியாளர் ஒருவரும் அந்த வண்டியில் வருகிறார்.

ஆனால் சிவப்பா பச்சையா என்று தீர்மானிக்கும் அளவைகள் பெரும்பாலும் நடுவயதினரை நினைத்து வகுக்கப்பட்டவை. முதியவர் உடலில் நோய் மாறுவேடம் பூண்டு வரும். மாரடைப்பு வரும், மார்பு வலி இராது, சோர்வும் மூச்சுத் திணறலும் மட்டுமே இருக்கும். நுரையீரலில் சளிக் காய்ச்சல் பற்றியிருக்கும், உடம்பு சுடாது. சிறுநீர்த் தொற்று திடீரென்ற மனக் குழப்பமாக வெளிப்படும். வீட்டிலுள்ளோர் 'வயதாகிவிட்டது, ஏதோ பேசுகிறார்' என்று விட்டுவிடுவார்கள். உள்ளே இரத்தம் கசிந்தால் நாடி விரைவாக ஓட வேண்டும். இரத்த அழுத்தத்துக்கு உட்கொள்ளும் சில மருந்துகள் அந்த ஓட்டத்தையும் அடக்கி வைத்துவிடும். அமெரிக்காவில் 2011-ம் ஆண்டில் திருத்தி அமைத்த விபத்து விதிகள் இதை ஒப்புக்கொண்டன. இளையவர்க்கு மேல் அழுத்தம் 90-க்குக் கீழே போனால் ஆபத்து என்று வைத்திருந்தவர்கள், 65 வயதைக் கடந்தவர்க்கு 110-க்குக் கீழே வந்தாலே எச்சரிக்கை கொள்ள வேண்டும் என்று சேர்த்தார்கள்.

கீழே விழுவதைப் பற்றியும் ஒரு சொல். 65 வயதுக்கு மேற்பட்டவர்களில் ஏறக்குறைய மூவரில் ஒருவர் ஆண்டுக்கு ஒரு முறையாவது விழுகிறார் என்று உலக ஆய்வுகள் கூறுகின்றன. விழுந்ததால் வரும் எலும்பு முறிவைப் போலவே கொடியது, எழ முடியாமல் தரையிலேயே கிடப்பது. ஒரு மணி நேரத்துக்கு மேல் அப்படிக் கிடந்தால் நசுங்கிய தசை சிதைந்து, அதன் நஞ்சு சிறுநீரகத்தைத் தாக்கலாம். ஆகவே அந்த வீட்டின் கதவைத் தட்ட ஓர் அண்டை வீட்டுக்காரர் இருக்கிறாரா என்பதும் மருத்துவத்தின் ஒரு பகுதியே.

வீடு தேடிச் செல்வதன் பெருமையை அடையாற்றுப் பகுதி முன்பே கண்டது. டாக்டர் கே. எஸ். சஞ்சீவி 1958-ம் ஆண்டில் நிறுவிய தன்னார்வ மருத்துவச் சேவை, வருவாய்க்கு ஏற்பச் செலுத்தும் முறையையும், சுகாதாரப் பணியாளர் வீடு தோறும் சென்று பார்க்கும் முறையையும் வகுத்தது. 2021-ம் ஆண்டு ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' அந்த எண்ணத்தை மாநிலம் முழுமைக்கும் விரித்தது. நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் உரிய மருந்து வீட்டுக்கே வருகிறது. படுக்கையில் இருப்பவரைக் காணச் செவிலியரும் வருகிறார். திருமுக்கூடலில் நோயாளி கோயிலைத் தேடிப் போனான். இன்று தொண்டு நோயாளியைத் தேடி வருகிறது.

இவ்வளவும் நடந்த பிறகும் செய்ய வேண்டியது மிகுதி. கிண்டியில் உள்ள தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் செவிலியர் முதுநிலைப் பட்டத்துக்கும் முனைவர் பட்டத்துக்கும் ஆய்வு செய்கிறார்கள். அவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய கேள்விகள் நம் வீடுகளிலேயே கிடக்கின்றன. நம் முதியவர்கள் தரையில் அமர்ந்து உண்பவர்கள்; ஈரத் தரையில் வெறுங்காலோடு நடப்பவர்கள்; சித்திரை வெயிலிலும் தேர் பார்க்கப் போகிறவர்கள். அவர்களுக்குரிய அளவுகோலை லண்டனிலிருந்து அப்படியே கொண்டுவர முடியாது. இங்கே எண்ணி, இங்கே எழுதி, இங்கே சோதித்துப் பார்க்க வேண்டும்.

மாணவ மாணவியரே! உங்களில் சிலர் மருத்துவராகலாம், சிலர் செவிலியராகலாம். மற்றவர்களும் ஒருநாள் ஒரு கட்டிலின் அருகே நிற்கத்தான் போகிறீர்கள். உங்கள் பாட்டனார் நேற்று நடந்தது போல் இன்று நடக்கிறாரா, நேற்றுப் பேசியது போல் இன்று பேசுகிறாரா, நேற்று உண்டது போல் இன்று உண்கிறாரா என்று கவனியுங்கள். மாறுதலைக் கண்டால் வயதின் மீது பழி போடாமல், அதை நாளும் நேரமும் இட்டு ஒரு தாளில் எழுதுங்கள். மருத்துவரிடம் அதைக் கொடுங்கள். நைட்டிங்கேலும் நார்ட்டனும் தொடங்கியது அந்த இடத்திலிருந்துதான். நான்காம் கூறாக வள்ளுவர் வைத்த அந்த ஆள் உங்கள் வீட்டில் யார் என்பதை, ஆபத்து வருமுன்னரே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.